கரடியா, பென்குவினா? காசிமேட்டு டீக்கடையில் முடியாத ஒரு வழக்கு

“காசு கொடுத்து வாந்தி எடுக்கவா சார் போகிறீர்கள்?” என்று கேட்டார் டீக்கடைக்காரர். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தின் வாசலில் இருக்கிற கடை அது. எதிரே ஒரு விசைப்படகுக்கு ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கட்டியை உடைக்கிற எந்திரத்தின் இரைச்சலில் அவர் இரண்டாவது முறையும் கேட்க வேண்டியிருந்தது. கடலையே பிழைப்பாகக் கொண்ட ஊரில், லட்சக்கணக்கில் செலவழித்துக் குளிர்க்கடலை வேடிக்கை பார்க்கப் போகிறவனை வேறு எப்படித்தான் கேட்பது?

எங்கள் பக்கத்தில் அப்படிப் போனவர்கள் இரண்டு பேர். ராயபுரத்து அண்ணன் சரக்குக் கப்பல்களில் முப்பது ஆண்டுகள் எஞ்சினியராக இருந்து ஓய்வுபெற்றவர். ஒரு ஜனவரியில் அண்டார்க்டிகா போய்வந்தார். நான் தண்டையார்பேட்டைக்காரன், பள்ளியில் புவியியல் நடத்தியவன். ஒரு ஜூனில் மனைவியுடன் நார்வேக்கு வடக்கே இருக்கும் ஸ்வால்பார்டு தீவுகளுக்குப் போனேன். யார் போனது நல்ல பயணம் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. இடையில் அக்கம்பக்கத்தில் நாலைந்து பேர், “போனால் எதற்குப் போகலாம்?” என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். என் பக்கச் சாய்வை மறைக்காமலே எழுதுகிறேன்.

வடக்கே நிலம் சூழ்ந்த கடல், தெற்கே கடல் சூழ்ந்த நிலம். வகுப்பில் நூறு முறை சொன்ன வரி இது. கப்பல் ஏறிய பிறகுதான் எனக்கே முழுதாகப் புரிந்தது. தெற்கே நடுவில் ஒரு பெருங்கடல் குறுக்கிடுவதால் நிலத்தில் வேட்டையாடும் விலங்கு எதுவும் அங்கே போய்ச் சேரவில்லை. அதனால் கரையில் நிற்கும் பென்குவினுக்கு இரண்டு கால் மனிதனைக் கண்டு பயமில்லை. வடக்கே கரடி உண்டு, நரி உண்டு, நூற்றாண்டுகளாகத் துப்பாக்கி ஏந்திய மனிதனும் உண்டு. அங்கே விலங்கு நம்மைக் கண்டு ஒதுங்கும். இல்லாவிட்டால் நாம்தான் அதைக் கண்டு ஒதுங்க வேண்டும்.

போகிற வழியைப் பார்ப்போம். அண்டார்க்டிகாவுக்குப் பெரும்பாலான கப்பல்கள் அர்ஜென்டினாவின் தென்கோடியான உசுவாயாவிலிருந்து கிளம்புகின்றன. சென்னையிலிருந்து அங்கே போய்ச் சேர்வதே இரண்டு நாள் கதை. அதன்பின் டிரேக் நீரிணை. சுமார் 800 கிலோமீட்டர் அகலம். பூமியைச் சுற்றி ஓடும் தென்கடல் நீரோட்டத்தைத் தடுக்க அந்த அட்சரேகையில் ஒரு பிடி நிலம்கூடக் கிடையாது. போக இரண்டு நாள், வர இரண்டு நாள். பத்து நாள் பயணத்துக்குப் பணம் கட்டினால் கரையிறங்கக் கிடைப்பது ஐந்து நாள்தான். முப்பது ஆண்டுக் கப்பல்காரரான அண்ணனே முதல் நாள் கட்டிலை விட்டு எழவில்லை. இதை அவர் சொல்லவில்லை. அவருடைய அண்ணி, அதாவது உடன் போன மூத்த அண்ணனின் மனைவி, என் மனைவியிடம் சொன்னது.

டிரேக்குக்குப் பயந்தவர்களுக்கு, சிலியின் புன்டா அரீனாஸிலிருந்து கிங் ஜார்ஜ் தீவுக்கு இரண்டு மணி நேரத்தில் விமானத்தில் பறந்து, அங்கிருந்து கப்பல் ஏறும் வழியும் இருக்கிறது. விலை கூடும். மேகம் இறங்கிவிட்டால் விமானம் கிளம்பாது. கிளம்பாத நாள் உங்கள் கணக்கில்தான் கழியும்.

ஸ்வால்பார்டில் இந்தத் தொல்லை இல்லை. ஓஸ்லோவிலிருந்து லாங்இயர்பியென் மூன்று மணி நேர விமானப் பயணம். 78 டிகிரி வடக்கில் கடையும் பள்ளிக்கூடமும் சிறிய மருத்துவமனையும் கொண்ட ஊர். மாலையில் கப்பல் ஏறினால் மறுநாள் காலையில் பனியாற்றின் முன்னால் நிற்கலாம். விசாவில் மட்டும் ஒரு கண்ணி இருக்கிறது: ஸ்வால்பார்டு நார்வேயின் ஆட்சியில் இருந்தாலும், ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசாப் பகுதியான ஷெங்கனின் எல்லைக்கு வெளியே இருக்கிறது. ஓஸ்லோவிலிருந்து அங்கே போனாலே ஷெங்கனை விட்டு வெளியேறியதாகக் கணக்கு. திரும்பி வர மறுபடி நுழைய வேண்டும். ஆகவே ஒருமுறை நுழையும் விசா போதாது. இதைச் சொல்லித்தராத ஏஜெண்டால் நான் இரண்டாவது முறை விண்ணப்பம் எழுதினேன்.

பணத்தையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு வந்த விலைப்பட்டியல்களில் ஒரு வார ஸ்வால்பார்டு ஒருவருக்கு ஐந்து லட்சத்தை ஒட்டி இருந்தது; அண்ணனுக்கு அண்டார்க்டிகா கப்பல் மட்டுமே எட்டு லட்சத்தைத் தாண்டியது. விமான டிக்கெட்டும் தெற்குக்குத்தான் அதிகம். இரண்டுக்குமே அவசர மருத்துவ மீட்புக் காப்பீடு இல்லாமல் ஏற்றமாட்டார்கள். இதய நோயாளிகள், அறுவை சிகிச்சை முடித்தவர்கள் என்றால் தெற்கை மறந்துவிடுங்கள். வடக்கே ஹெலிகாப்டர் வந்து எடுத்துப்போகும் தூரத்தில் ஊர் இருக்கிறது, தெற்கே ஆஸ்பத்திரி என்பது கடலுக்கு அந்தப் பக்கம்.

எந்தத் துருவம் என்பதைவிட எவ்வளவு பெரிய கப்பல் என்பதுதான் என் கண்ணில் பெரிய கேள்வி. ஆட்கள் இதைக் கேட்பதே இல்லை. அறையில் பால்கனி உண்டா என்றுதான் கேட்கிறார்கள். அண்டார்க்டிகாவில் ஓர் இடத்தில் ஒரே நேரத்தில் நூறு பயணிகளுக்கு மேல் கரையில் நிற்கக்கூடாது. ஐந்நூறு பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் ஆளை இறக்கவே கூடாது. நூறு பேர் கப்பலில் போனால் எல்லோரும் ஒன்றாக இறங்கலாம். இருநூறு பேர் என்றால் முறை வைத்து, பாதி நேரம் ரப்பர் படகில் சுற்றிக்கொண்டிருக்கலாம். ஆயிரம் பேர் கப்பலில் மலிவாக டிக்கெட் கிடைக்கிறதே என்று தாவினால், பென்குவினைக் கப்பல் தளத்திலிருந்து பார்த்துவிட்டு வரவேண்டியதுதான். ஸ்வால்பார்டிலும் 2025 ஜனவரி முதல் பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் இருநூறு பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல்கள் போக முடியாது. இறங்கவும் குறிப்பிட்ட இடங்கள் மட்டுமே.

இனி விலங்குகள். இந்த இடத்தில் அண்ணனின் குரல் உயர்ந்துவிடும். அவருக்குக் கண்ணில் பட்டவை கணக்கில்லை. ஜென்டூ, சின்ஸ்டிராப், அடேலி என்று மூன்று வகைப் பென்குவின்கள், குஞ்சுகளோடு. ஐந்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. விதி மனிதனுக்குத்தான், பென்குவினுக்கு இல்லை. அது பாதையில் குறுக்கே வந்தால் அது போகும்வரை நாம் நிற்க வேண்டும். பென்குவின் எச்சம் இளஞ்சிவப்பாக இருக்குமாம், தின்பது கிரில். பார்வைக்கு நம் சென்னாக்கூனி போலவே இருக்கிற அந்தப் பொடிக் கூனியைத்தான் கூனல்முதுகுத் திமிங்கிலமும் வாய் வாயாக அள்ளுகிறது. “வாடை எப்படி அண்ணே?” என்றேன். “கருவாடு காயும்போது நம் கரையில் நடந்திருக்கிறாயா? அதற்கு அண்ணன்” என்றார். எங்கள் ஊர் மூக்குக்கு இது ஒரு கூடுதல் தகுதி என்று வைத்துக்கொள்ளலாம்.

கரையிறங்கும் முன் பை, சட்டை, காலணி என ஒவ்வொரு மடிப்பையும் உறிஞ்சு எந்திரம் வைத்துச் சுத்தம் செய்கிறார்கள். வெளி விதை ஒன்றுகூட அந்த மண்ணில் விழக்கூடாது. அண்ணனின் தோள்பையின் தையலிலிருந்து ஒரு கடுகு வந்ததாம். வண்ணாரப்பேட்டைச் சந்தைக்குப் போய்வந்த பை. பறவைக் காய்ச்சல் பரவியதிலிருந்து கரையில் உட்காரவோ பையைக் கீழே வைக்கவோ கூடாது. மூட்டுவலிக்காரர்கள் இதைக் கவனிக்கவும்.

என் பக்கம் என்ன இருந்தது? ஐந்து நாள் காத்திருப்பு. ஆறாம் நாள் இரவு பதினொரு மணிக்கு, ஜூன் மாதமாகையால் பட்டப்பகல் வெளிச்சத்தில், ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். எல்லோரும் செருப்பும் கம்பளியுமாகத் தளத்துக்கு ஓடினோம். பனிக்கட்டியின் மேல் ஒரு மஞ்சள் புள்ளி. பனிக்கரடி வெள்ளையாக இருக்காது. புதுப் பனிக்கு முன்னால் அது பலமுறை துவைத்த பழைய வேட்டி நிறம். மார்ச் முதல் ஜூன் இறுதிவரை கரடிக்கு 500 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், மற்ற மாதங்களில் 300 மீட்டர். பைனாகுலர் இல்லாதவருக்கு அது புள்ளிதான். புள்ளி எழுந்து மோந்து பார்த்தது, திரும்பிப் படுத்துக்கொண்டது. நாற்பது நிமிடம் யாரும் பேசவில்லை. இதை நான் சொன்னால் அண்ணன், “நாற்பது நிமிடம் புள்ளியைப் பார்த்தாயா?” என்பார். ஆமாம், பார்த்தேன். தேடிக் கிடைத்தது என்பதால் அந்தப் புள்ளி எனக்கு ஆயிரம் பென்குவினுக்குச் சமம். கிடைக்காமலே திரும்புகிறவர்களும் உண்டு. அதைத் தாங்காத மனம் என்றால் தெற்கே போங்கள், அங்கே ஏமாற்றம் குறைவு.

கரடியை மட்டும் எண்ணி வடக்கே போகிறவர் மற்றதைக் கோட்டைவிடுவார். ஆல்கெஃபியெல்லெட் என்ற செங்குத்துப் பாறையில் பல்லாயிரம் கில்லமாட் பறவைகள் விளிம்பு விளிம்பாக முட்டையிட்டிருந்தன. அடியில் படகு போகும்போது தொப்பி இல்லாமல் அண்ணாந்து பார்க்கக்கூடாது, வாயைத் திறக்கவே கூடாது. கரையில், நீண்ட தந்தமுள்ள கடல்விலங்கான வால்ரஸின் கூட்டம் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து, மதிய வண்டியின் பொதுப் பெட்டிபோல உறங்கிக்கொண்டிருந்தது.

நம் நாட்டுத் தடயம் இரண்டு பக்கமும் உண்டு, ஆனால் பயணிக்கு எட்டுவது வடக்கேதான். ஸ்வால்பார்டில் இருக்கும் நியோலெசுண்ட் என்ற சிற்றூரில் 2008-இல் திறந்த ஹிமாத்ரி ஆய்வு நிலையத்தின் வாசலுக்கே நடந்து போனேன். அங்கே வானொலி அலைகளைக் கேட்கும் கருவிகள் இருப்பதால் கைபேசியின் வைஃபையையும் புளூடூத்தையும் அணைத்துவிட்டுத்தான் ஊருக்குள் கால் வைக்கலாம். தெற்கே மைத்ரி, பாரதி என்ற நம் ஆய்வு நிலையங்கள் இருக்கின்றன. உல்லாசக் கப்பல்கள் போகும் தீபகற்பத்திலிருந்து அவை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, கண்டத்தின் வேறு பக்கத்தில்.

ஒரு சங்கடத்தையும் சொல்லியாக வேண்டும். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரை ஒதுங்கியபோது, எர்ணாவூர்ப் பக்கம் ஆட்கள் வாளி வாளியாகக் கறுப்புக் குழம்பை அள்ளியதை நான் நின்று பார்த்தவன். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது கூழைக்கடாக்களின் இறகில் அது அப்பியிருந்தது. அப்படிப்பட்ட ஊர்க்காரன் கப்பலின் எரிபொருளைக் கேட்காமல் டிக்கெட் எடுக்கலாமா? கனரக எரியெண்ணெயை அண்டார்க்டிகக் கடலில் 2011 ஆகஸ்டிலிருந்தே தடை செய்துவிட்டார்கள். ஸ்வால்பார்டைச் சுற்றி 2022-இலிருந்து. இதில் இரண்டும் ஏறக்குறைய சமம். ஆனால் புகைக்கரி பனியில் படிந்தால் பனி வேகமாக உருகும். 2022-இல் வெளியான ஓர் ஆய்வு, அண்டார்க்டிகா போகும் ஒவ்வொரு பயணியின் கணக்கிலும் சுமார் 83 டன் பனி உருகுவதாக மதிப்பிட்டது. அண்ணனிடம் படித்துக்காட்டினேன். “நீ ஓஸ்லோவுக்கு நடந்தா போனாய்?” என்றார். பதில் இல்லை.

விபத்துப் பயம் கேட்பவர்களுக்கு: 2007 நவம்பரில் எக்ஸ்ப்ளோரர் என்ற பயணிக் கப்பல் அண்டார்க்டிகா அருகே பனிக்கட்டியில் மோதி மூழ்கியது. 154 பேரும் மணிக்கணக்கில் படகுகளில் மிதந்து, வந்த இன்னொரு கப்பலில் ஏறித் தப்பினார்கள். காற்று அன்று அமைதியாக இருந்தது அவர்கள் அதிர்ஷ்டம்.

மாதக் கணக்கும் நமக்குச் சாதகம்தான். தெற்குப் பருவம் நவம்பர் முதல் மார்ச்: குஞ்சுக்கு ஜனவரி, திமிங்கிலத்துக்குப் பிப்ரவரிக்குப் பின். வடக்கு மே முதல் செப்டம்பர். நம் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-இல் தொடங்கி ஜூன் 14-இல் முடியும்; படகுகள் எல்லாம் கட்டிக் கிடக்க, வெயில் கொளுத்துகிற அந்த நாட்களின் முடிவில் ஊரைவிட்டுக் கிளம்பி நான்கு டிகிரிக் குளிரில் போய் நிற்பது தனிச் சுகம்.

முதல் பயணம், கையில் ஒரு வாரம், வயது அறுபது என்றால் ஸ்வால்பார்டு, நூறு பேர் கப்பல். வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான், பணமும் வயிறும் ஒத்துழைக்கும் என்றால், வாய் கசந்துகொண்டே சொல்கிறேன், அண்டார்க்டிகா.

அண்ணனிடம் இதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அவரும் தன் பக்கத்தை விடுவதாயில்லை. ஆனால் போன வாரம் வந்து என் பைனாகுலரை இரவல் வாங்கிப்போனார். பழவேற்காட்டில் பூநாரை பார்க்கவாம். மே மாத வெயிலில்.