வீட்டில் கட்டும் மினி டிராக்டர் லோடருக்கு எந்த ஹைட்ராலிக் பம்ப்? ஊட்டி உயரத்துக்கு ஓர் அலசல்

மேட்டுப்பாளையம் பட்டறையில் சத்தமே இல்லாமல் ஓடிய லோடர், ஊட்டிக்கு ஏற்றி வந்த மறுநாள் காலையில் ஊளையிடும். பக்கெட்டைத் தூக்கும் கையான பூம் விக்கி விக்கி ஏறும். பத்து மணிக்கு வெயில் ஏறியதும் எல்லாம் சரியாகிவிடும். பம்பைக் கழற்றிப் பிரித்துப் பார்த்தால் கியரிலும் புஷ்ஷிலும் குறை ஒன்றும் தெரியாது. கோளாறு இருப்பது சக்ஷன் பக்கத்தில், அதாவது டேங்கிலிருந்து பம்புக்கு ஆயில் வரும் ஹோஸில். மலையில் பம்ப் வாங்குவதில் பாதி வேலை அந்த ஹோஸைத் தீர்மானிப்பதுதான். பம்ப் வகைகளை ஒப்பிடும்போது அதையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும்.

முதலில் வேலையின் அளவு. 10 முதல் 13 எச்பி வரை உள்ள ஒற்றை சிலிண்டர் இன்ஜின், பக்கெட்டில் 150 முதல் 200 கிலோ வரை தொழு உரமோ கேரட் மூட்டையோ தேயிலைக் கவாத்துக் கழிவோ என்று வைத்துக்கொள்வோம். பூமுக்கு 50 மி.மீ. போர் (உள்விட்டம்), 400 மி.மீ. ஸ்ட்ரோக்கில் (நீளும் தூரம்) இரண்டு சிலிண்டர் போட்டால், இரண்டும் முழுதாக நீள 1.57 லிட்டர் ஆயில் வேண்டும். 6 நொடியில் பூம் மேலே போக நிமிடத்துக்கு 15.7 லிட்டர். இந்தச் சின்ன வண்டிக்கு அதற்கு மேல் வேகம் வேண்டியதில்லை. வேகம் கூடினால், லீவரை விட்ட கணத்தில் வண்டி முழுக்கக் குலுங்கும்.

அழுத்தத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். 100 பார் அழுத்தத்தில் இந்த இரண்டு சிலிண்டரும் சேர்ந்து 4 டன் தள்ளும். பூமின் நெம்பு விகிதம் ஐந்தில் ஒன்று என்றாலும் பக்கெட் முனையில் 800 கிலோ வருகிறது. பம்ப் 200 பார் தாங்கும் என்று கடைக்காரர் சொல்வது உண்மைதான். முன் ஆக்ஸில் தாங்காது. ஆகவே 100 பார் போதும்.

எச்பி கணக்கு: அழுத்தத்தை லிட்டரால் பெருக்கி 510ஆல் வகுத்தால் கிலோவாட். 100 பார், 15.5 லிட்டருக்கு 3 கிலோவாட், அதாவது சுமார் 4 எச்பி. ஊட்டி 2240 மீட்டர் உயரம். டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் அங்கே ஐந்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும். 8 எச்பி என்று ஸ்டிக்கர் ஒட்டிய இன்ஜினில் கைக்கு வருவது ஆறேகால்தான். வண்டி நகரவும் அதிலிருந்துதான் எடுக்கவேண்டும்.

உயரமும் குளிரும் பம்பை என்ன செய்கின்றன

பம்ப் ஆயிலை இழுப்பதில்லை. வளிமண்டல அழுத்தம்தான் டேங்கிலிருந்து ஆயிலைப் பம்புக்குள் தள்ளுகிறது. மேட்டுப்பாளையத்தில் அது 0.97 பார், ஊட்டியில் 0.77. சாதாரண கியர் பம்பின் வாயில் குறைந்தது 0.7 பார் இருக்கவேண்டும் என்பது தயாரிப்பாளர்கள் வழக்கமாகக் கொடுக்கும் எல்லை. கீழே 0.27 பார் வரை ஹோஸில் வீணாக்கலாம். மேலே கையில் இருப்பது 0.07 மட்டும்.

இதோடு குளிரைச் சேருங்கள். ஜனவரியில் உறைபனி விழும் காலையில் விஜி 46 ஆயிலின் (விஜி என்பது பிசுக்குத் தரம், எண் கூடினால் ஆயில் கெட்டி) பிசுக்கு சுமார் 600 சென்டிஸ்டோக்ஸ். அந்த ஆயில் முக்கால் இஞ்ச் ஹோஸ் வழியே 60 செ.மீ. தூரம், நிமிடத்துக்கு 15.5 லிட்டர் போக, ஹோஸ் மட்டுமே 0.25 பார் தின்றுவிடும். பம்பின் வாயில் மிஞ்சுவது 0.52. ஆயிலில் கரைந்திருந்த காற்று குமிழாகப் பிரிந்து, அழுத்தப் பக்கம் போய் வெடிக்கும். காதில் விழும் ஊளை அதுதான். சில வாரம் இப்படி ஓட்டினால் கியர் பல்லிலும் உறையிலும் ஊசியால் குத்தியதுபோல் குழி விழும்.

ஹோஸை 1 இஞ்ச் ஆக்கினால் இழப்பு 0.08க்கு இறங்கும். ஆயிலை விஜி 32 ஆக மாற்றினால் 0.05 அளவுக்கு வரும். டேங்கின் ஆயில் மட்டத்தைப் பம்புக்கு அரை மீட்டர் மேலே வைத்தால் 0.04 பார் இலவசமாகக் கிடைக்கும். மூன்றும் சேர்ந்தால்தான் ஊட்டியில் பம்ப் நிம்மதியாக ஓடும். பம்பின் விலையோடு ஒப்பிட்டால் மூன்றுக்கும் ஆகும் செலவு சொற்பம். கீழே கடைகளில் சுலபமாகக் கிடைக்கிறது என்று விஜி 68 வாங்கி வராதீர்கள். அது வெயில் ஊருக்கு. குன்னூர், கோத்தகிரியில் கெடுபிடி கொஞ்சம் குறைவு, ஆனால் கணக்கு இதேதான். கொடைக்கானலும் 2100 மீட்டருக்கு மேல், ஊட்டிக்குச் சொன்னதே அங்கும்.

இன்ஜின் ஷாஃப்டில் நேராகக் கியர் பம்ப்

என் ஓட்டு இதற்கே. குரூப் 2 என்ற உடல் அளவில் 6 சிசி பம்ப் (ஒரு சுற்றுக்கு 6 சிசி ஆயில் தள்ளுவது), 2800 ஆர்பிஎம்மில், கசிவு போக 15.5 லிட்டர் தரும். 50 மி.மீ. சிலிண்டருக்கு அச்சாகப் பொருந்துகிறது. 8 சிசி போட்டால் 20 லிட்டர் வரும். 120 பார் என்றால் 6.5 எச்பி கேட்கும், 8 எச்பி இன்ஜின் ஊட்டியில் அணைந்துவிடும். குரூப் 1லும் 6 சிசி உண்டு, விலை குறைவு, ஷாஃப்ட் மெலிசு. கையால் கட்டிய பிராக்கெட்டில் நேர்கோடு கொஞ்சமாவது பிசகும் என்பதால் குரூப் 2 பாதுகாப்பு.

இதில் கெட்டுப்போகும் இடங்கள் இரண்டு. ஒன்று, சுழலும் திசை. பம்பை ஷாஃப்ட் பக்கமிருந்து பார்த்து வலஞ்சுழியா இடஞ்சுழியா என்று கேட்டு வாங்கவேண்டும். இன்ஜின் முனையும் பம்ப் முனையும் எதிரெதிரே நிற்பதால், இன்ஜினை அதன் ஷாஃப்ட் முனையிலிருந்து பார்க்க இடஞ்சுழி என்றால் பம்ப் வலஞ்சுழி. தப்பாக மாட்டினால் ஷாஃப்ட் சீல் முதல் நிமிடத்திலேயே வெளியே தள்ளப்படும். சீலின் பின்பக்கம் சக்ஷனோடு இணைந்திருக்கும், திசை மாறினால் அங்கே முழு அழுத்தம் ஏறிவிடும்.

இரண்டு, பெல்ட். கியர் பம்ப் ஷாஃப்டில் நேராக புல்லி மாட்டுவது சுலபம்தான், அதனால் பலரும் செய்கிறார்கள். பக்கவாட்டு இழுவையில் புஷ் தேய்ந்து, கியர் ஒருபக்கம் சாய்ந்து உறையைச் சுரண்டும். ஆயிலில் அலுமினியத் தூள் மினுங்கினால் இதுதான் காரணம். பெல்ட் தவிர வழியில்லை என்றால் இரண்டு பேரிங் பிளாக்கில் தனி ஷாஃப்ட் போட்டு அதில் புல்லி, அதன் மறுமுனையில் ஜா கப்ளிங் வழியே பம்ப். கப்ளிங் முகங்களுக்கிடையே 2 மி.மீ. இடைவெளி விடுங்கள், இறுக்கி மாட்டினால் அந்தத் தள்ளல் நேராகக் கியருக்குப் போகும்.

கார் ஸ்டியரிங் பம்ப்

கோவை உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் மலிவாகக் கிடைப்பதால் இதன்மேல் பலருக்கும் ஆசை. ஆசையில் நியாயமும் உண்டு. வேன் வகைப் பம்ப் இது. பெல்ட் இழுவைக்கென்றே பேரிங் வைத்திருக்கிறார்கள், அழுத்தம் எல்லை மீறாமல் ஆயிலைத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வும் உள்ளேயே இருக்கும். இதற்கு ஊற்றும் ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) ஆயில் குளிரில் அவ்வளவாகக் கெட்டியாகாது, மலைக்கு அது பெரிய வசதி.

ஆனால் உள்ளே ஓட்டக் கட்டுப்பாடு இருப்பதால் இன்ஜினை எவ்வளவு முறுக்கினாலும் சிறிய கார் பம்ப் 8 லிட்டர் அளவில் நின்றுவிடும். 50 மி.மீ. சிலிண்டர் மேலே போக 12 நொடி. பொறுமை போய்விடும். சிலிண்டரை 40 மி.மீ. ஆக்கினால் 1 லிட்டர் போதும், ஏழரை நொடி. 80 பாரில் இரண்டும் சேர்ந்து 2 டன்; ஐந்தில் ஒரு பங்கு நெம்புக்கு 400 கிலோ, பூமின் எடை, சாய்வுக் கோணம் எல்லாம் கழித்தால் 150 கிலோ பக்கெட்டுக்குத் தாராளம். முதலில் சிலிண்டரை வாங்கிவிட்டு அப்புறம் ஸ்டியரிங் பம்ப் தேடுகிறவர்கள்தான் சிக்கிக்கொள்கிறார்கள். இடைவிடாமல் ஓட்டினால் சூடும் ஏறும், அரை மணிக்கொரு முறை டேங்கைத் தொட்டுப் பாருங்கள்.

பிடிஓவில் மாட்டும் பம்ப்

வண்டியில் 540 ஆர்பிஎம் பிடிஓ, அதாவது இன்ஜின் சக்தியை வெளிக் கருவிக்குக் கொடுக்கும் ஷாஃப்ட், இருந்தால் மட்டும் யோசிக்கலாம். நேராக மாட்ட 40 சிசி பம்ப் வேண்டும். கனம், விலை இரண்டும் அதிகம். ஒன்றுக்கு மூன்று வேகம் கூட்டும் கியர்பாக்ஸ் போட்டால் 12 சிசி பம்பிலேயே 18 லிட்டர் வரும். சிக்கல் வேறிடத்தில்: 540 என்பது இன்ஜின் நல்ல வேகத்தில் ஓடும்போது வருவது. பாத்தி ஓரத்தில் மெதுவாக நகர்ந்து பக்கெட்டை ஏற்றும்போது பிடிஓ 250க்கு இறங்கும், நேராக மாட்டிய பம்பில் ஓட்டம் பாதிக்கும் கீழே போய்விடும். பின்பக்கம் எடைக்கல் வைக்கும் இடத்தையும் பம்ப் பிடித்துக்கொள்கிறது. மலைச்சரிவில் அந்த எடைக்கல் இல்லாமல் லோடர் ஓட்டுவது தற்கொலைக்குச் சமம்.

வண்டியின் சொந்த லிஃப்ட் பம்ப்

கம்பெனி மினி டிராக்டரில் லோடர் மட்டும் வீட்டில் கட்டுகிறவர்களுக்குப் புதுப் பம்பே தேவைப்படாமல் போகலாம். கையேட்டில் லிஃப்ட் பம்பின் லிட்டர் கணக்கைப் பாருங்கள். 15க்கு மேல் இருந்தால் போதும். லோடர் வால்வில் 'பவர் பியாண்ட்' துளை, அதாவது ஆயிலை அழுத்தத்தோடு அடுத்த வால்வுக்கு அனுப்பும் துளை, இருக்கவேண்டும் என்பதுதான் நிபந்தனை. சாதாரண டேங்க் துளையிலிருந்து லிஃப்டுக்கு இணைப்பு கொடுத்தால், லிஃப்ட் சுமை தூக்கும்போது அந்த அழுத்தம் முழுதும் வால்வின் டேங்க் பக்கம் ஏறும். சீல் கிழியும், சில சமயம் உறையே வெடிக்கும். ஆயில் கியர்பாக்ஸோடு பொது என்பதால் உங்கள் வெல்டிங் பிசிறு கியர்பாக்ஸுக்குள் போகும். புதுக் குழாய்களை டீசலில் கழுவி, காற்றடித்து மாட்டவும். ஆயில் மட்டத்தைச் சிலிண்டர்கள் மடங்கிய நிலையில் பார்க்கவும்.

12 வோல்ட் பவர் பேக்

பேட்டரியில் ஓடும் மோட்டார், பம்ப், டேங்க் மூன்றும் ஒன்றாக வருவது இது. இன்ஜினைத் தொடவேண்டாம், பம்ப் டேங்கிலேயே இருப்பதால் சக்ஷன் ஹோஸ் தொல்லையும் இல்லை. ஆனால் நிமிடத்துக்கு 3 லிட்டர், 180 ஆம்பியர். 40 மி.மீ. சிலிண்டருக்கே ஒரு தூக்கு 20 நொடி. பக்கெட் கவிழ்ப்பும் சேர்த்தால் சுற்றுக்கு ஒன்றரை ஆம்பியர் மணி. குளிரில், இவ்வளவு ஆம்பியர் இழுக்கும்போது 65 ஆம்பியர் மணி பேட்டரி பாதிதான் கொடுக்கும். இருபது பக்கெட்டில் படுத்துவிடும். டிப்பர் டிரெய்லருக்கு நல்லது, லோடருக்கு வேண்டாம்.

எந்தப் பம்பானாலும் டேங்க் வேலையை அலட்சியம் செய்யக்கூடாது. 25 லிட்டர் டேங்க், நடுவில் ஒரு தடுப்புத் தகடு, சக்ஷன் வாய் டேங்கின் நடுப்பகுதியில். ஓரத்தில் வைத்தால் கேத்தி பக்கத்துச் சரிவில் வண்டி சாயும்போது வாய் வெளியே வந்து காற்றை விழுங்கும். ஊளையோடு டேங்கில் நுரையும் பொங்கினால் காற்று உள்ளே வருகிறது என்று அர்த்தம்: கிளாம்ப், சக்ஷன் இணைப்பு, ஷாஃப்ட் சீல் என்ற வரிசையில் தேடுங்கள். நுரையில்லாத ஊளை, சூடு ஏறியதும் அடங்கினால், கெட்டியான ஆயில் அல்லது அடைத்த வலை. சக்ஷனில் 125 மைக்ரான் வலை போதும், நுண்ணிய ஃபில்டரை ரிட்டர்னில் வையுங்கள். டேங்கின் காற்றுத் துளையான மூச்சுமூடியைக் கவிழ்த்த குழாயாக வளைத்து விடுங்கள்; பனிமூட்டம் உள்ளே போனால் ஆயில் மோர் நிறமாகும், மாற்றித்தான் ஆகவேண்டும்.

நீலகிரியில் சரிவை வெட்டி மண் எடுக்கும் இயந்திர வேலைக்கு மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும் என்பதையும் நினைவில் வைக்கவும். எரு அள்ளும் பக்கெட்டால் வரப்பை அறுக்கத் தோன்றும்.

முதல் ஓட்டத்துக்கு முன் பம்பின் வாயில் ஆயில் ஊற்றி நிரப்பி, கையால் ஷாஃப்டைச் சுற்றுங்கள். ரிலீஃப் திருகை முழுக்கத் தளர்த்தி, பிரஷர் லைனில் 250 பார் கேஜ் மாட்டி, இன்ஜினை ஐடிலில் ஐந்து நிமிடம் விடுங்கள்; 1000 ஆர்பிஎம்மில் சக்ஷன் இழப்பு மூன்றில் ஒரு பங்குதான். குளிர்காலத்தில் இந்த ஐந்து நிமிடம் தினமும் தேவை. பிறகு பூம் ஏறும் அளவுக்குத் திருகைக் கொஞ்சம் இறுக்கி, அதை மேல்முட்டு வரை ஏற்றி, லீவரைப் பிடித்தபடி திருகைக் கால் சுற்று காலாக இறுக்கி 100 பாரில் நிறுத்துங்கள். ஒவ்வொரு முறையும் லீவரை மூன்று நொடிக்கு மேல் பிடிக்காதீர்கள், முழு சக்தியும் ரிலீஃபில் சூடாக மாறிக்கொண்டிருக்கும்.