பின்சுவரில் மாட்டிய ஐபி 65 பெட்டி: இரண்டு மழைக்காலம் பார்த்த பிறகு

கேப் டவுன் ரைலண்ட்ஸில் சின்னதாக ஒரு சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். குளிரறையின் கம்ப்ரசரும் பெயர்ப்பலகை விளக்கும் வெளியே, அவற்றுக்கான பிரேக்கர்கள் பின்சுவரில் ஒரு பெட்டிக்குள். ஒரு ஜூலை மாத வெள்ளிக்கிழமை மாலை, தோசைக்கல் காய்ந்து ஆறேழு பேர் காத்திருக்கும்போது, கடை மொத்தமும் இருண்டது. லோட் ஷெடிங் (முறைவைத்து வரும் மின்வெட்டு) என்றுதான் நினைத்தேன், ஆனால் பக்கத்துக் கடையில் விளக்கு ஜம்மென்று எரிகிறது. பார்த்தால் எர்த் லீக்கேஜ், அதாவது மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச், விழுந்திருக்கிறது. தூக்கிவிட்டால் மறுபடி விழுகிறது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழுகிற சாமான், அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது.

மறுநாள் வந்த எலெக்ட்ரீஷியன் டர்பன்காரர், தமிழ் நாலு வார்த்தைதான் வரும். அவர் ஊரில் கோடையில்தான் மழை, இங்கே குளிர்காலத்தில், அதுவும் வடமேற்குக் காற்றோடு சாய்ந்து அடிக்கும். பழைய பெட்டியைத் திறந்ததும் தலையில் கைவைத்தார். முன்பு வேலை செய்த ஆள் வீட்டுக்குள் மாட்டும் பெட்டியை வெளியே மாட்டி, கேபிளை மேலிருந்து இறக்கி, ஓட்டையைச் சுற்றிச் சிலிகானை அப்பியிருந்தார். உள்ளே ஒரு கரண்டி தண்ணீர், செம்பெல்லாம் பச்சை பிடித்திருந்தது. புளித்த காடி வாடை அடிக்கும் சிலிகான் காயும்போது அசிட்டிக் அமிலம் விடுமாம், அது செம்பை அரிக்கும், மின் வேலைக்கு அந்த வாடை இல்லாத நியூட்ரல் வகைதான் வேண்டும். இத்தனை நாள் ஜன்னலுக்குப் பூசியதையே இங்கும் பூசிக்கொண்டிருந்தது நான்தான், அதை அவரிடம் சொல்லவில்லை.

புதிதாக வைத்தது பாலிகார்பனேட் பெட்டி, 12 பிரேக்கர் கொள்ளும், மூடி கண்ணாடி மாதிரி. ஐபி 65 என்றால் முதல் எண் தூசி போகாது என்பதற்கு, இரண்டாவது எந்தப் பக்கமிருந்து குழாயால் தண்ணீர் பீய்ச்சினாலும் தாங்கும் என்பதற்கு. கொஞ்ச நேரம் முங்கினாலும் தாங்காது, அதற்கு 67 வேண்டும். ஆனால் நாமே கண்ட இடத்தில் ஓட்டை போட்டுவிட்டால் எண்ணுக்கு மதிப்பேயில்லை. "அண்ணா, மேலே ஓட்டை வேணாம்" என்று சொல்லி, எல்லாக் கேபிளையும் அடியிலிருந்தே, கேபிள் பருமனுக்கேற்ற கிளாண்ட் (கேபிளை இறுகப் பிடித்து ஓட்டையை அடைக்கும் சாமான்) போட்டு ஏற்றினார். கேபிள் பெட்டிக்குள் ஏறும் முன் கொஞ்சம் தாழ்ந்து வளைகிற மாதிரி விட்டிருக்கிறார், வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடுகிறது.

இரண்டு குளிர்காலமாக மழைத் தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. ஆனால் முதல் ஆகஸ்டில் மூடியின் உட்புறம் முத்துமுத்தாக நீர்! ஓட்டை எங்கே என்று தேடினால் ஓட்டையே இல்லை, அதுதான் பிரச்சினை. பகலில் சூடேறிய உள்காற்று ராத்திரி குளிரில் வியர்க்கிறது, வியர்த்த நீருக்கு வெளியேற வழியில்லை. அடியில் ஒரு வடிகால் பிளக் வைத்ததும் சரியானது: உள்ளிருக்கும் ஈரத்தை விடும், வெளித்தண்ணீரை விடாது. இந்தச் சின்ன சாமானைப் பெட்டியோடு கொடுக்காமல் தனியாக விற்கிறார்கள், அதற்கே ஒரு நட்சத்திரத்தைக் குறைக்கிறேன். மூடித் திருகுகளும் பிளாஸ்டிக், இரண்டு தடவை திறந்ததற்கே ஒன்றின் தலை மழுங்கிவிட்டது. கடல் பக்கம் கடை வைத்திருப்பவர்கள் திருகு, பிடிமானம் எல்லாம் உப்புக்காற்றைத் தாங்கும் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கேட்டு வாங்குங்கள்.

வேலை முடிந்ததும், மின் வேலை விதிப்படி இருக்கிறது என்பதற்கான சிஓசி சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். முந்தைய ஆள் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை, நானும் கேட்கவில்லை. கூலி பெட்டி விலையைவிட நன்றாகவே அதிகம், ஆனாலும் பேரம் பேச மனசு வரவில்லை.

பெயர்ப்பலகை டைமர் இன்னும் பழைய டப்பாவில்தான் இருக்கிறது. மே முடிவதற்குள் வந்து மாற்றச் சொல்லியிருக்கிறேன், அன்றைக்கு மசால் தோசை என்று இப்போதே சொல்லிவைத்துவிட்டார்.