ஒத்தைப் பல்லா, மூணு பல்லா? டோசர் ரிப்பர் வாங்குறவங்களுக்கு

அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துல எங்க டோசருக்குப் பின்னால ஒத்தைப் பல் ரிப்பர்தான் (பாறையைக் கீறி உடைக்கிற கொக்கி) போட்டிருக்கோம். மேல்மண்ணு, உதிர்கல்லுன்னா மூணு பல் நல்லா ஓடும். கெட்டிப் பாறை வந்தா வண்டியோட மொத்த பலமும் ஒரே நுனியில இறங்கணும்.

எனக்குப் பிடிச்சது இதோட சாய்வு சிலிண்டர். குத்தும்போது பல்லை நிமிர்த்தி வெச்சு, உள்ள போனதும் கோணத்தை மாத்திக்கலாம். முதல் கியர்ல மணிக்கு 2 கிலோமீட்டர் வேகம் போதும். அவசரப்பட்டா நுனி சூடேறி மழுங்கிடும். தேய்ஞ்ச நுனியை மாத்தாம ஓட்டினா ஷாங்க்கே (நுனியை மாட்டுற பல்லோட தண்டு) தேய ஆரம்பிச்சிடும், அதான் பெரிய செலவு. டூப்ளிகேட் நுனி விலை கம்மிதான், ஆனா அதை மாட்டுற பின்னை (pin) அடிச்சு இறுக்கினாலும் ஆடுது.

அடுக்குப் பாறைக்குத் தாராளமா வாங்கலாம். விரிசலே இல்லாத கருங்கல்லுக்கு வேண்டாம், அங்க வெடிதான்.