ரௌட்டரை ஓட்டும் எக்ஸ்பி: மாற்றவா, விடவா?

கோவை கணபதியில், வீட்டுக் கொட்டகையில் நானே கட்டிய சின்ன சிஎன்சி ரௌட்டர் இருக்கிறது, கம்ப்யூட்டர் சொல்கிறபடி பலகை செதுக்கும் இயந்திரம். ஓட்டுவது விண்டோஸ் எக்ஸ்பி போட்ட பழைய கம்ப்யூட்டர், அதில் இயந்திரத்தை இயக்கும் மாக்3 என்ற மென்பொருள். எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது 2014 ஏப்ரல் 8-இல். "இன்னுமா இதைக் கட்டீட்டு அழுவறீங்க?" என்று வருகிறவர்கள் கேட்பார்கள்.

சரி, விண்டோஸ் 11-க்குப் போகலாமா? மாக்3 மோட்டார்களுக்குச் சிக்னல் அனுப்புவது பேரலல் போர்ட் வழியாக, அதாவது பழைய பிரிண்டர் சொருகும் வாய் வழியாக. அதற்கான டிரைவர் 32 பிட் விண்டோஸில்தான் ஓடும், அதுவும் விண்டோஸ் 7 வரைதான். 11-இல் 32 பிட்டே கிடையாது. யுஎஸ்பி-பேரலல் கேபிள் பிரிண்டருக்கு ஆகும், மோட்டாருக்குப் பல்ஸ் (அந்தச் சிக்னல் துடிப்பு) அனுப்ப ஆகாது. ஆக, தனி கன்ட்ரோலர் போர்டு வேண்டும். விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பைக் கேட்பதால் கம்ப்யூட்டரும் புதிது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

லினக்ஸ்சிஎன்சி அப்படியில்லை. மாக்3-இன் அதே வேலையை லினக்ஸில் செய்யும் மென்பொருள் இது. அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான என்ஐஎஸ்டி 1990-களில் தொடங்கிய இஎம்சி திட்டத்திலிருந்து வந்தது, இலவசம். பேரலல் போர்ட்டை இன்றும் நேரடியாக ஓட்டும். நிறுவும் முன்பே பென்டிரைவில் பூட் செய்து லேட்டன்ஸி டெஸ்ட்டை ஓட விடுங்கள், கம்ப்யூட்டர் நேரம் தவறாமல் வேலை செய்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. கூடவே விண்டோக்களை இழுத்து, வீடியோவும் போட்டுப் பாருங்கள். ஜிட்டர், அதாவது நேரத் தடுமாற்றம், 20 மைக்ரோ செகண்டுக்குள் நின்றால் அருமை. லேப்டாப்பை நம்பாதீர்கள், மின்சாரம் மிச்சம் பிடிக்கும் வேலையில் பல்ஸ் தடுமாறும். எங்கே எப்படிச் செதுக்க வேண்டும் என்று இயந்திரத்துக்குச் சொல்லும் ஜி-கோடு பெரும்பாலும் அப்படியே ஓடும். மாக்3-இல் எழுதிய மேக்ரோக்களை (சின்ன கட்டளைத் தொகுப்புகளை) மட்டும் திரும்ப எழுத வேண்டும். எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது.

எக்ஸ்பியையே விட்டுவைப்பதா? நெட் வயரைப் பிடுங்கிவிட்டால் பாதி பயம் போய்விடும். மீதி பாதி பென்டிரைவ். டிசைன் கொடுக்க ஒரு பிரிண்ட் கடைக்குப் போன என் பென்டிரைவ் வைரஸோடு திரும்பி வந்தது. அப்புறம் கொட்டகைக்கென்றே ஒன்று ஒதுக்கிவிட்டேன். உண்மையில் ஓஎஸ்ஸுக்கு முன்னால் சாவது ஹார்ட் டிஸ்க்தான், இன்றே அதை அப்படியே இன்னொரு டிஸ்க்கில் குளோன் எடுத்துவிடுங்கள். மதர்போர்டில் உள்ள காசு வடிவ பேட்டரி தீர்ந்தால், பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்பில்) பேரலல் போர்ட்டின் மோடு மாறிப்போகலாம். அதையும் ஒரு சீட்டில் குறித்து வையுங்கள்.

வீட்டில் பேங்க் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் கதை வேறு. விண்டோஸ் 10-க்கே 2025 அக்டோபர் 14-உடன் வழக்கமான ஆதரவு முடிந்தது, அதை மாற்றத்தான் வேண்டும்.

கொட்டகையில் என் ஓட்டு லினக்ஸ்சிஎன்சிக்கு. தனி டிஸ்க்கில் போட்டுத் தயாராக வைத்திருக்கிறேன். ஆனால் பாதி செதுக்கிய பெயர்ப்பலகை மேஜையில் கிடப்பதால், இப்போதைக்கு மாட்டியிருப்பது எக்ஸ்பி டிஸ்க்தான்.