ஷிஃப்ட் வேலைக்காரர்களுக்கு எந்தப் படகு?

பினாங்கில் நம்மவர், மலாய்க்காரர், சீனர் என எல்லோரையும் சேர்த்து ஒரு படகுக் குழு தொடங்கலாம் என்று பேச்சு வந்தபோது எங்கள் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, ஒலிம்பிக்கில் பார்க்கிற ரோயிங், அதாவது போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, படகோடு பொருத்திய நீளத் துடுப்பை இழுப்பது. மற்றது டிராகன் படகு, அதாவது பலர் இரண்டிரண்டு பேராக வரிசையில் உட்கார்ந்து மேளத்துக்கு ஏற்பக் கைத்துடுப்பு போடும் நீளமான சீனப் படகு. நாங்கள் டிராகன் படகைத்தான் எடுத்தோம். இன்றைக்கும் என் ஓட்டு அதற்குத்தான்.

செலவு, கற்றுக்கொள்ளும் வேகம் இரண்டிலும் டிராகன் படகு முந்துகிறது. இது எல்லோருக்கும் தெரிந்ததே. தெலுக் பஹாங் அணையில் போட்டி நடப்பதால் பினாங்கில் அதைத் தனியாக அறிமுகப்படுத்த வேண்டியதும் இல்லை.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது வருகைதான். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் 12 மணி நேர ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கு ஞாயிறு என்பது வாரந்தோறும் ஒரே மாதிரி வராது. இரவு ஷிஃப்ட் முடிந்து காலையில் வீட்டுக்கு வருபவரைப் படகுக்குக் கூப்பிட முடியுமா? பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அம்மாவும் வரமாட்டார். எட்டுப் பேர் இழுக்கும் ரோயிங் படகில் ஆளுக்கு ஒரு துடுப்பு, பக்கத்துக்கு நான்கு. ஒருவர் குறைந்தால் இழுவை ஒரு பக்கமாகச் சாயும், அன்றைய பயிற்சியே பாழ். இப்படி இரண்டு முறை நடந்தால் போதும், வராதவர் மேல் மற்றவர்களுக்குக் கோபம் வரும், அவரும் மெல்ல விலகிவிடுவார். கடைசியில் எஞ்சுவது நேரம் இருக்கிறவர்கள் மட்டும்தான்.

டிராகன் படகில் துடுப்பு போட 20 பேர், மேளத்துக்கு ஒருவர், சுக்கானுக்கு ஒருவர். அன்றைக்கு 14 பேர்தான் வந்தார்கள் என்றாலும் கனமானவர்களை நடுவில் அமர்த்தி, இடமும் வலமும் சமன் செய்துவிட்டுக் கிளம்பிவிடலாம். முன் வரிசை இருவரைப் பார்த்துத் துடுப்பு போட்டாலே புதியவரும் ஓரளவு சேர்ந்துகொள்வார். எங்களிடம் மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடித்து வந்த ஒரு அக்கா இருக்கிறார். 1996இல் வான்கூவரில் மருத்துவர் டான் மெக்கென்ஸி அப்படிப்பட்ட பெண்களைக் கொண்டே ஒரு டிராகன் படகுக் குழுவைத் தொடங்கினார். கையில் வீக்கம் வரும் என்று அதுவரை அவர்களை இத்தகைய பயிற்சியிலிருந்து தள்ளி வைத்திருந்தார்கள். அந்தப் பயம் வீண் என்று அந்தக் குழு காட்டியது. ஆணும் பெண்ணும் கலந்த போட்டிகளிலும் பொதுவாக 20 பேரில் குறைந்தது 8 பெண்கள் வேண்டும் என்பதால், பெண்களை ஒப்புக்குச் சேர்க்கும் வழக்கம் தானாக அடிபட்டுப் போகிறது.

தனியாள் ரோயிங் படகில் வருகைப் பிரச்சினை கிடையாது. ஆனால் அது மிக ஒடுக்கம், கொஞ்சம் அசைந்தாலும் கவிழும். நீச்சல் தெரியாத நம் பெண்களிடம் அதை எப்படி நீட்டுவது?

ரோயிங் ஓரிடத்தில் தெளிவாக மேலே நிற்கிறது. கால் இயங்காதவர்களுக்கு அசையாத இருக்கை, பக்கவாட்டு மிதவை என்று முறையான ஏற்பாடு அதில் உண்டு. 2008 முதல் பாராலிம்பிக்கிலும் இருக்கிறது. எங்கள் குழுவில் சக்கர நாற்காலியில் வருபவர் இதுவரை இல்லை, அதனால் அந்தப் பக்கத்தை நான் அழுத்திச் சொல்லமாட்டேன்.

கோலாலம்பூரில் யாராவது இதே யோசனையில் இருந்தால், படகு வாங்கும் முன் உங்கள் ஆட்களின் ஒரு மாத ஷிஃப்ட் அட்டவணையை வாங்கி, எந்த ஞாயிறு எத்தனை பேர் வர முடியும் என்று எண்ணிப் பாருங்கள்.