ராயபுரத்தில் பழைய ரெகுலேட்டர் சர்வீஸ்
காசிமேட்டில் கைமாறி வந்த பழைய ஸ்கூபாப்ரோ எம்கே5 டைவிங் ரெகுலேட்டரை (சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து, கடலடியில் மூச்சுவிடத் தரும் கருவி) ராயபுரத்தில் ஒரு சின்னப் பட்டறையில் கொடுத்தேன். ஹோஸ் மாட்டும் தலைப்பகுதி சுழல்வதைப் பார்த்ததுமே பிஸ்டன் வகை என்று சொல்லிவிட்டார் பட்டறை அண்ணன். பச்சை பிடித்த பித்தளையைத் தண்ணீர் கலந்த வினிகரில் கொஞ்ச நேரம் ஊறவைத்து, ஓ-ரிங் எனும் ரப்பர் வளையங்களை எல்லாம் மாற்றி, சிலிகான் கிரீஸ் மட்டும் தடவினார். சாதா கிரீஸ் போதாதா என்று கேட்டால் திட்டு விழும். அப்புறம் அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டிக் காட்டினார், முள் 135 பிஎஸ்ஐ-யில் அசையாமல் நின்றது. மெல்ல ஏறிக்கொண்டே போனால் சிலிண்டர் காற்றை அடைக்கும் உயரழுத்த சீட் தேய்ந்துவிட்டது என்று பொருள். வாயில் வைக்கும் பகுதியில் உள்ள டயாபிரத்தை (மெல்லிய ரப்பர் தகடு) வெளிச்சத்தில் பிடித்து ஊசித்துளை பார்க்காமல் திருப்பித் தருவதில்லை, அதற்காகவே போகலாம். ஆனால் சொன்ன தேதியை நம்பாதீர்கள், பாகங்கள் வெளியிலிருந்து வரவேண்டும், இழுக்கும். கூலி நியாயம்தான். மழை நாளில் சந்தில் தண்ணீர் நிற்கும், வண்டியை மெயின் ரோட்டிலேயே விட்டுவிடுங்கள்.