85,000 ரூபாய்க்கு ஒரு பழைய றலி

கடந்த ஆண்டு, யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் பழைய சைக்கிள்களைச் செப்பனிட்டு விற்கும் ஒரு கடையில், 28 அங்குலச் சில்லுகளும் கம்பி பிறேக்கும் மூன்று கியரும் கொண்ட ஆண்கள் றலி சைக்கிள் ஒன்றை 85,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். ஏழு மாதங்கள் நாள்தோறும் ஓடிய பிறகே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். 2019 இல் என் மைத்துனர் இதே வகை வண்டியை, இதைவிடச் சற்று நல்ல நிலையில், 18,000 ரூபாய்க்கு வாங்கியிருந்தார். ஆகவே கொடுத்த பணத்துக்குரிய பொருள் கைக்கு வந்ததா என்ற கேள்வி முதல் நாளிலிருந்தே என்னோடு கூட ஓடிவந்தது.

விலையேற்றத்துக்குக் கடைக்காரரை நோவதில் பயனில்லை. 2022 இல் ரூபாய் சரிந்து, ஜூன் மாத இறுதியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாயைத் தொட்டு, அந்த விலைக்கும் கிடைக்காமல் சனம் வரிசையில் இரவைக் கழித்த நாட்களில், வீட்டுக் கோடிகளில் துருவேறிக் கிடந்த சைக்கிள்களெல்லாம் தெருவுக்கு வந்தன; புதிய சைக்கிளின் விலை சம்பளக்காரருக்கு எட்டாமற்போகவே, பழையதன் விலையும் அதன் பின்னால் ஏறியது. வரிசைகள் மறைந்த பின்னரும், நான் விசாரித்த கடைகளில் றலியின் விலை மட்டும் இறங்கவில்லை. இங்கிலாந்தின் நொட்டிங்ஹாமிலிருந்த றலித் தொழிற்சாலையில் 2002 உடன் உற்பத்தி நின்றுவிட்டதால், அங்கிருந்து இனி ஒன்று வரப்போவதில்லை. இருப்பவற்றையோ விடுமுறைக்கு வரும் வெளிநாட்டு உறவுகளும், வரவேற்பறையில் நிறுத்தி வைக்க ஒன்று தேடும் விடுதிக்காரர்களும் கேட்கிறார்கள். ஓடுவதற்கு வாங்குபவரும் பார்ப்பதற்கு வாங்குபவரும் ஒரே கடைவாசலில் நிற்கும்போது, பின்னவர் சொல்லும் விலைதான் விலையாகிறது.

என் வண்டியில், கொடுத்த காசுக்கு மெய்யாகவே பெறுமதியான பாகம் பின்சில்லின் ஸ்ரேமி ஆர்ச்சர் ஹப், அதாவது மூன்று கியரையும் உள்ளே அடக்கிய சில்லின் நடுக்குடம். எங்கள் ஊரில் சைக்கிள் திருத்தும் பெரியவரிடம் கொண்டுபோனபோது, அவர் மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் ஹப்பின் நடுப்பகுதியைத் துடைத்துக்கொண்டே போக, கரும் பிசுக்குக்குக் கீழிருந்து அதன் வகையைக் குறிக்கும் ஏ.டபிள்யூ என்ற எழுத்துகளும் பிறகு 54 என்ற எண்ணும் வெளிப்பட்டன. ஹப் செய்யப்பட்ட ஆண்டை உற்பத்தியாளரே இப்படிப் பொறித்துவிட்டிருப்பதால், விற்பவர் வாயால் சொல்லும் வயதைவிட இந்த எண்ணை நம்பலாம். இடையில் யாரும் ஹப்பை மாற்றியிருக்கக் கூடாது என்பதே நிபந்தனை. நடுக்கியர் நேரடியானது, மேற்கியர் அதைவிட மூன்றிலொரு பங்கு கூட ஓடும், கீழ்க்கியர் காற்பங்கு குறைய ஓடும். சிறிய மூடியைத் திறந்து எண்ணெய் விட்டு, கியர்க் கேபிளை அளவாக இழுத்துப் பூட்டியதும், எழுபது வயது இயந்திரம் மணிக்கூடுபோல டிக் டிக் என்று ஓடத் தொடங்கியது. சோளகக் காற்று எதிர்த்தடிக்கும் நேரத்தில் கடல்மேல் போகும் பண்ணைத் தாம்போதியைக் கீழ்க்கியரில் கடந்து பார்த்தவருக்கு இதன் அருமை தெரியும்.

குறைகளெல்லாம் கறுப்புப் பெயின்றுக்குக் கீழே இருந்தன. கொக்குத் தலை வெட்டிய பற்சில்லும், பளபளக்கத் தேய்த்த முன்பக்கப் பெயர் வில்லையும், தங்கநிறக் கோடுகளும் பார்த்தவுடன் மனதை இழுத்துவிட்டன. 'எல்லாம் ஒறிஜினல்' என்று சொல்லித்தான் தந்தார்கள். மூன்றாம் மாதம் பெடல் பக்கத்திலிருந்து கடகடவென்று சத்தம் கேட்டது. றலி நிறுவனம் பெடல் அச்சு பூட்டும் இடத்துக்கு அங்குலத்துக்கு 26 புரி கொண்ட தனக்கே உரிய மரையைப் பயன்படுத்தியது. பிறர் வண்டிகளில் பொதுவாக உள்ளது 24 புரி. பெரியவர் கழற்றிப் பார்த்தபோது, யாரோ அச்சைத் தாங்கும் 24 புரிக் கப் ஒன்றை முறுக்கித் திணித்ததில் உள்மரை மழுங்கிப்போயிருந்தது. புதிய பெயின்றோ அந்தக் கப்பின் விளிம்பு வரை அழகாக அடிக்கப்பட்டிருந்தது. திருத்த 9,500 ரூபாய் ஆயிற்று. கடைக்காரர் வாதாடாமல் பாதியைத் தந்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 'பெயின்ற் அடிக்காட்டி ஒருத்தரும் திரும்பியும் பாக்கமாட்டினம், ஐயா' என்றார்.

பாகம் மாறியிருப்பதில் எனக்கு வருத்தமில்லை. போர் நடந்த பொருளாதாரத் தடைக் காலத்தில் நெல் மூட்டையும் விறகும் நோயாளியும் ஏறியது இந்தக் கரியர்களில்தான். மின்சாரமில்லாத இரவுகளில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுழற்றி, வானொலிச் செய்தி கேட்ட வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. அப்படி உழைத்த வண்டியில் எது மாறியது என்று சொல்லி, அதற்கேற்ற விலையைக் கேட்டிருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன்.

மற்றவை சிறிய விடயங்கள். இருக்கை புறூக்ஸ் நிறுவனத்துடையதுதான், ஆனால் தோல் ஒரு பக்கம் வெடித்திருக்கிறது. ரயர் இந்தியத் தயாரிப்பில் தாராளமாகக் கிடைக்கிறது. மாரி மழையில் இரும்பு ரிம் நனைந்துவிட்டால், பிறேக்கைப் பிடித்த பின்னும் வண்டி இரண்டு வீடு தாண்டியே நிற்கும். சந்திகளில் அவதானம் தேவை.

என் கணக்கில் இந்த வண்டியின் நியாயமான விலை 55,000 ரூபாய். நான் வாங்கிய அன்று அதே கடையின் பின்தாழ்வாரத்தில், பழைய பச்சைப் பெயின்ற் உரிந்து, பெயின்றுக்கு முறை வரும்வரை சாத்தி வைத்திருந்த இன்னொரு றலிக்கு 50,000 சொன்னார்கள். அதன் ஹப்பைத் துடைத்துப் பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.